பொருள்: முதியவர்

அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று பதினேழு நாட்கள் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் என்னிடம் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

"கஷ்டமே படல பாப்பா. தூங்கிட்டிருந்தாரு, அப்படியே அடங்கிட்டாரு."

அழுகைக்கு நடுவிலும் அந்த வார்த்தை எனக்குத் தெம்பாக இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள், "அந்த மட்டுக்கும் நல்ல சாவு" என்றபோது நானும் தலையாட்டினேன்.

அப்பா போன அன்று அண்ணன் விடுப்பில் இருந்தான். காலையில் அப்பாவின் படுக்கை நனைந்துவிட்டது. விரிப்பை மாற்றிவிட்டு, அழுக்கானதைச் சுருட்டிக்கொண்டு கிளம்பும்போது, "பக்கத்துல இரு. நான் இதை அலசிப் போட்டுட்டு, வெந்நீர் கொண்டுவந்து ஷேவ் பண்ணி விடறேன்" என்றேன்.

"நீ போ, நான் இருக்கேன்" என்றான் அண்ணன். "போறப்ப அந்தத் திரையைக் கொஞ்சம் விலக்கிட்டுப் போயேன்."

விலக்கினேன். ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து அப்பாவின் ஒரு பக்கக் கன்னத்தில் விழுந்தது. அறைக்குக் காற்று வரட்டும் என்று சொல்கிறான் என நினைத்துக்கொண்டேன்.

அப்பா சலூன் வைத்திருந்தவர். நாற்பத்தொரு வருடம் அடுத்தவர் முகத்தைச் சுத்தம் செய்தவர், தன் முகத்தில் ஒரு நாள் முடியை விட்டுவைத்ததில்லை. படுத்த படுக்கையான பிறகும் காலையில் கண் விழித்தவுடன் கை தாடைக்குத்தான் போகும். சொரசொரவென்று இருந்தால் முகம் சுருங்கிவிடும். பேச்சு போன பிறகும் அந்தக் கை போவது மட்டும் நிற்கவில்லை. அதனால் அவர் படுத்திருந்த ஐந்து மாதமும் தினம் நான்தான் ஷேவ் செய்துவிட்டேன். முதல் வாரம் இரண்டு இடத்தில் வெட்டிவிட்டேன். அவர் தொழில்காரர் பார்வையில் என்னை ஒரு முறை முறைத்தார், அவ்வளவுதான்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். கழுவித் தரச் சொல்லி ஒரு நாளைக்கு முப்பது கண்ணாடியாவது மேஜைக்கு வரும். மூக்கில் உட்காரும் அந்தச் சின்னத் தாங்கிகளுக்கு அடியில் வியர்வை, பவுடர், பொடுகு எல்லாம் சேர்ந்து பச்சையாக ஒரு களிம்பு பிடித்திருக்கும். ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டு அதே கையைக் கழுவிக்கொண்டு ரொட்டி சாப்பிடுவேன். அப்பாவின் விரிப்பு, அப்பாவின் புண், எதற்கும் நான் மூக்கைப் பிடித்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அருவருப்பு என்ற வார்த்தையை நான் சும்மா எடுப்பவள் இல்லை.

அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் கணவரோடு ஒத்துவராமல் ஆறு வருடத்துக்கு முன் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, கூடத்தில் என் கட்டில் இருந்த இடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி நின்றுகொண்டிருந்தது. அதற்குள் அவனுடைய லென்ஸ்கள். எல்லாம் ஜப்பானில் அறுபது, எழுபது வருடங்களுக்கு முன் செய்தவை. ஈரம் பட்டால் உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை படருமாம். அதனால் அந்த அலமாரிக்கு மின்சாரம், கதவில் ஈரப்பதம் காட்டும் பச்சை எண்கள். நாற்பத்தைந்துக்கு மேல் ஒன்று ஏறினாலும் அவனுக்குச் சோறு இறங்காது.

அப்பாவின் அறைச் சுவரில் ஆள் உயரத்துக்குக் கருப்பாகப் பூஞ்சை இருந்தது. "பாக்கலாம், மழைக்காலம் முடியட்டும்" என்று இரண்டு மழைக்காலம் பார்த்தான்.

எங்கள் வீட்டில் அந்த லென்ஸ்கள் ஒரு பெரிய வேடிக்கையாகத்தான் இருந்தன. அப்பா நடமாடிக்கொண்டிருந்த நாட்களில் அண்ணன் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டுவான். ஒரு குழாய், குழாயின் நுனியில் ஒரு சொட்டு. மற்றதெல்லாம் கலைந்து குழம்பிக் கிடக்கும்.

"பின்னால இருந்ததெல்லாம் எங்கடா காணோம்?" என்பார் அப்பா.

"அதுதான்ப்பா அழகே. முழுத் திறப்புல எடுத்தது."

லென்ஸுக்குள் இருக்கும் துளையை முழுசாகத் திறந்து வைத்து எடுப்பதற்குத்தான் அந்தப் பெயர். அப்படி எடுத்தால் ஒரு மயிரிழை மட்டும் துல்லியமாக விழும், மற்றதெல்லாம் கரைந்துபோகும்.

"பின்னாலயும் தெரியணும்னுதானேடா நான் கடையில ரெண்டு பக்கமும் கண்ணாடி மாட்டினேன்" என்பார் அப்பா. நானும் அவரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அண்ணன் கோபித்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போய்விடுவான்.

சில பழைய லென்ஸ்களின் கண்ணாடி நாள்பட நாள்பட டீ நிறத்துக்கு மாறிவிடும். அவற்றை ஒரு ஊதா விளக்குக்கு அடியில் வாரக்கணக்கில் படுக்கப் போட்டிருப்பான். எல்லாப் பக்கமும் வெளிச்சம் படவேண்டும் என்று காலையும் மாலையும் மறக்காமல் திருப்பிப் போடுவான். அப்பா படுத்த பிறகு, முதுகில் புண் வராமல் இருக்க அவரையும் இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போடச் சொன்னார்கள். அதை நான் செய்தேன். நான் கடைக்குப் போயிருந்த நேரங்களில் கூலிக்கு வந்த நர்ஸம்மா செய்தார். அவன் ஒரு நாளும் செய்யவில்லை. "எனக்குப் பயமா இருக்கு பாப்பா, எங்கயாவது இசகுபிசகா பிடிச்சுட்டா?" என்பான். நானும் அதை நம்பினேன். சில பேருக்கு நோயாளியைத் தொடக் கை வராது, அவன் அந்த ரகம் என்று மனதுக்குள் வக்காலத்து வாங்கினேன்.

அப்பா போய்ப் பதினெட்டாம் நாள் எனக்குக் கடை விடுமுறை. கூடத்தில் மாட்ட அப்பாவின் படம் ஒன்று வேண்டும் என்று அண்ணனிடம் நாலு தடவை கேட்டிருந்தேன். "எடுத்துத் தர்றேன், எடுத்துத் தர்றேன்" என்று இழுத்துக்கொண்டிருந்தான். ஆயிரக்கணக்கில் படம் எடுப்பவன் வீட்டில் அப்பாவுக்கு ஒரு படம் இல்லாமலா போகும் என்று நானே அவன் கணினியைத் திறந்தேன். அதற்குப் பூட்டெல்லாம் கிடையாது.

உள்ளே ஆட்களின் பெயரில் எதுவும் இல்லை. லென்ஸ்களின் பெயர்களில் வரிசை வரிசையாகக் கோப்புறைகள். ஒன்றுக்குள் நுழைந்தால் செங்கல் சுவர், பூனை மீசை, மொட்டைமாடிக் கம்பி, நான் துணி காயப்போடும்போது என் காது. என் காது எட்டு படம். முகம் ஒன்றிலும் இல்லை. சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன்.

கடைசி உறை, நாலு மாதத்துக்கு முன் அவன் கைக்கு வந்த லென்ஸுடையது. ஐம்பதுகளில் ஏதோ ஒரு சின்னக் கம்பெனி சில நூறு மட்டும் செய்துவிட்டு மூடிப் போனதாம். ஒன்பது லென்ஸைக் கொடுத்து அந்த ஒன்றை வாங்கியிருந்தான். உள்ளங்கை அகலம், பித்தளைச் செம்பு கனம். வந்த அன்று அதைத் துண்டில் சுற்றிக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தான். அதை அப்பா அறைக்குள் கொண்டுபோய் நான் பார்த்ததே இல்லை, சுவர்ப் பூஞ்சை ஒட்டிக்கொள்ளுமாம்.

அந்த உறையில்தான் அப்பா இருந்தார். முப்பத்தொரு படம்.

படம் எடுத்த நேரத்தைக் கேமரா தானாகவே எழுதி வைக்கிறது. தேதி, அப்பா போன தேதி. முதல் படம் காலை பத்து இருபத்தொன்று. கடைசிப் படம் பத்து முப்பத்தெட்டு. "பத்தே முக்காலுக்குத் திரும்பிப் பார்க்கிறேன், போயிட்டாரு" என்று டாக்டரிடம் அவன் சொன்னது என் காதில் இருந்தது.

அப்பா தூங்கவில்லை. கண் இரண்டும் திறந்திருந்தன. வாய் கோணித் திறந்திருந்தது. உதட்டோரம் எச்சில் ஒரு நூலாக இறங்கி, நான் விலக்கிவிட்ட திரை வழியே வந்த வெயிலில் மினுங்கியது. தாடையில் வெள்ளை முடி. ஏழாவது படத்தில் கை படுக்கையிலிருந்து கொஞ்சம் எழும்பியிருந்தது. எட்டு, ஒன்பது, பத்தில் இன்னும் மேலே. தாடையைத் தடவத்தான் போகிறது என்று முதலில் நினைத்தேன். இல்லை. விரல்கள் விரிந்து நேராகக் கேமராவை நோக்கி நீண்டிருந்தன. பதினான்காம் படம் வரை கை அந்தரத்தில் நின்றது. பதினைந்தில் விழுந்துவிட்டது.

ஒவ்வொரு படத்துக்கும் அடியில் ஒரு எண். ஒன்று புள்ளி ஒன்று, ஒன்று புள்ளி நான்கு, இரண்டு, இரண்டு புள்ளி எட்டு. துளையின் அளவு. இந்தப் பழைய லென்ஸ்களில் அதைக் கேமரா தானாக எழுதாது, எடுப்பவன்தான் குறித்துவைக்க வேண்டும் என்று அவனே எனக்கு விளக்கியிருக்கிறான். அப்பா கையை நீட்டிக்கொண்டிருந்தபோது இவன் வளையத்தைத் திருப்பியிருக்கிறான், ஒரு படம் எடுத்திருக்கிறான், நோட்டில் குறித்திருக்கிறான், மறுபடி வளையத்தைத் திருப்பியிருக்கிறான்.

குளியலறைக்கு ஓடினேன். காலையில் குடித்த டீ முழுதும் வந்துவிட்டது. அவன் படம் எடுத்த அதே நேரம் நான் பின்கட்டில் விரிப்பை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குழாயையும் திறந்துவிட்டிருந்தேன். அப்பா ஏதாவது சத்தம் போட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

சாயங்காலம் அண்ணன் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்.

"அப்பா தூக்கத்துலதான் போனாரா?"

கூடத்தில் கணினி திறந்தே இருந்தது. அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அதையெல்லாம் நீ ஏன் நோண்டறே?"

"தூக்கத்துலதான் போனாரான்னு கேக்கறேன்."

"டாக்டர்தான் முதல் நாளே கைவிட்டுட்டாரே பாப்பா. நான் மட்டும் என்ன பண்ணியிருக்க முடியும்?"

"என்னைக் கூப்பிட்டிருக்கலாம். பத்தடி தூரத்துல இருந்தேன். கையை நீட்டறாரு, அதைப் பிடிச்சிருக்கலாம்."

"ரெண்டு கையும்…" என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

"சொல்லு. ரெண்டு கையும்?"

"அந்த லென்ஸ் கனம். ஒரு கையில பிடிக்க முடியாது."

அதைச் சொன்னபோது அவன் முகத்தில் பொய் இல்லை. தப்பு செய்தவன் முகமும் இல்லை. ஒரு தகவல் சொல்வதுபோல் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு அவரை நேரா பார்க்க முடியல பாப்பா. லென்ஸுக்குள்ள பார்த்தா முடிஞ்சுது. அந்த வெளிச்சமும்…" என்றான்.

"வெளிச்சத்தைப் பத்திப் பேசினா இந்த அலமாரியை இப்பவே தள்ளி விட்டுடுவேன்."

பயந்துவிட்டான். என்னைக் கண்டு அல்ல, அலமாரிக்காக. என் கண் முன்னாலேயே உட்கார்ந்து முப்பத்தொரு படத்தையும் அழித்தான். ஒவ்வொன்றாக அழிக்கச் சொன்னேன். கடைசிப் படத்தை அழித்தபோது அவன் கை நடுங்கியது. கொஞ்சம் மனசு இளகிற்று எனக்கு. அப்பாவுக்காக நடுங்குகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

கூடத்தில் மாட்ட வேறு படம் கிடைத்தது. அப்பாவின் கடைக்கு வாடிக்கையாக வந்த தபால்காரர் தன் போனில் எடுத்து வைத்திருந்தார். அப்பா கத்தரியும் கையுமாக, மழமழவென்ற தாடையோடு, யாரோ ஒருவர் பிடரியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் கண்ணாடி, சீப்பு டப்பா, நாள்காட்டி எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினோம்.

"ஓரமெல்லாம் பிசிறடிக்குது" என்றான் அண்ணன்.

நான் சட்டத்தின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இறங்கினேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், மருந்துக்கடைக்காரர் கண்ணாடித் தாங்கி மாற்ற வந்தார். அண்ணனைப் போலவே லென்ஸ் சேர்க்கிறவர். இவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு கூட்டமாக இருந்தார்கள், மாதம் ஒரு தரம் கூடி வெல்வெட் துணியில் பரப்பிவைத்துப் பார்த்துக்கொள்வார்கள். வாய் நிறையச் சிரித்தார்.

"உங்க அண்ணன் படத்தைத்தான் நடுவுல மாட்டியிருக்கோம். போய்ப் பாத்தீங்களா?"

"எங்க மாட்டியிருக்கீங்க?"

"நாற்காலிக் கடைக்கு மேல ஒரு ஹால் இருக்குல்ல, அங்க. எங்க கூட்டத்தோட கண்காட்சி. நாளையோட முடியுது. உங்ககிட்ட சொல்லலையா?"

அவருடைய தாங்கியை மாற்றிக் கொடுத்தேன். திருகு இரண்டு தடவை என் விரலிலிருந்து நழுவியது. முதலாளியிடம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன்.

மாடிப்படி ஏறியதும் நீளமான ஹால். சுவர் முழுக்கப் படங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மேஜை, மேஜையில் அந்தப் படத்தை எடுத்த லென்ஸ், கண்ணாடிக் கூண்டுக்குள். பத்துப் பேர் இருந்திருப்பார்கள். யாரும் படத்தின் முன் நிற்கவில்லை. எல்லோரும் குனிந்து கூண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடுச்சுவரில் அப்பா. என் உயரத்துக்கு. திறந்த வாய் என் தலையளவு இருந்தது. தாடையின் வெள்ளை முடி ஒவ்வொன்றும் கம்பி மாதிரி நின்றது. கை நீட்டிய படங்களில் ஒன்று அது. முழுத் திறப்பில் எடுத்ததால் கை மட்டும் கலங்கிப்போய் ஒரு வெள்ளைத் திட்டாகத் தெரிந்தது. தெரியாதவர்களுக்கு அது தலையணை என்றுகூடத் தோன்றும்.

கீழே ஒரு சீட்டு. லென்ஸின் பெயர், வருடம், திறப்பு ஒன்று புள்ளி ஒன்று, தூரம் ஒரு மீட்டர். அதற்கும் கீழே, "பொருள்: முதியவர்."

நான் வெகுநேரம் நிற்பதைப் பார்த்துவிட்டு, கூட்டத்தின் தலைவர் வந்தார். பல் டாக்டர், எங்கள் கடைக்கு வருகிறவர் இல்லை, என்னை அவருக்குத் தெரியாது.

"பிரமாதமா இருக்குல்ல? இந்தக் காலத்து லென்ஸ் எதுவும் இப்படி எடுக்காதும்மா. தோலைப் பாருங்க, மெழுகு மாதிரி. அந்த எச்சில் நூலைப் பாருங்க." விரலை உயர்த்தி, அப்பாவின் உதட்டுக்கு ஒரு அங்குலம் முன்னால் கோடு இழுத்தார். "அதுலதான் ஃபோகஸ் வச்சிருக்காரு. இம்மி பிசகல. ஆள் அசைஞ்சுக்கிட்டே இருந்திருப்பாரு, அதுல இப்படி எடுக்கறது லேசுப்பட்ட காரியமில்ல."

"யாரு இவரு?"

"யாரோ பெரியவர். ஆஸ்பத்திரியில எடுத்திருப்பாரு போல."

"இவரு ஆஸ்பத்திரியில இல்ல. எங்க வீட்டு ரூம்ல இருந்தாரு. எங்க அப்பா. இதை எடுத்து முடிச்சப்ப செத்துட்டாரு."

பல் டாக்டரின் விரல் இறங்கியது. நல்ல மனிதர்தான் போலிருக்கிறது, முகம் சிவந்துவிட்டது. "அடடா, மன்னிச்சுக்கங்கம்மா. எனக்குத் தெரியாது" என்றார். பிறகு மறுபடி படத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஆனா ஒண்ணு. அவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை யாரும் செஞ்சிருக்க முடியாது" என்றார்.

அவர் பக்கத்தில் வந்து நின்ற இன்னொருவர், "அண்ணன் இந்த லென்ஸைக் கைமாத்தற யோசனை ஏதாவது வச்சிருக்காராம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறினேன். படம் இரண்டு ஆணியில் தொங்கியது. கழற்றினேன். யாரும் தடுக்கவில்லை. "பாத்து, பாத்து" என்றார்கள், கீழே கூண்டுக்குள் லென்ஸ் இருந்ததால்.

சட்டத்தை அங்கேயே பிரித்துப் போட்டுவிட்டுக் காகிதத்தை மட்டும் சுருட்டி, அப்பாவின் முகம் உள்பக்கமாக இருக்கும்படி மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். கடைக்குத் திரும்பிப் போகவில்லை.

வீட்டில் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. கத்தரியை எடுத்தேன், முகத்துக்கு நேராகக் கொண்டுபோக முடியவில்லை. எரிக்க மனசு வரவில்லை, ஏற்கனவே ஒரு முறை அவரை நெருப்புக்குக் கொடுத்தாயிற்று. கடைசியில் துணி ஊறவைக்கும் தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் போட்டேன். கரைந்துவிடும் என்று நினைத்தேன். கரையவில்லை. ஒரு மூலையை அமுக்கினால் இன்னொரு மூலை எழும்பி வந்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து அப்பாவின் வாய் மேலே வந்து என்னைப் பார்த்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கைகளை முழங்கை வரை விட்டுப் பிசைந்தேன். கொழகொழவென்று ஒரு மேல்தோல் உரிந்து என் விரல்களுக்கிடையில் வழுக்கியது. அப்பாவின் முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டபோதும் இப்படிக் குமட்டவில்லை. அது அவர் உடம்பு. இது அவர்கள் அவரிடமிருந்து உரித்து எடுத்தது.

அண்ணன் வந்தபோது கூழாகிப் போனதை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தேன். பல் டாக்டர் போன் செய்திருக்க வேண்டும்.

"என் மானத்தை வாங்கிட்டியே!" என்று கத்தினான். "பத்து வருஷப் பழக்கம் அவங்கெல்லாம். நாளைக்கு எந்த முகத்தோட போவேன்?"

"அழிச்சியே, அப்புறம் எப்படி வந்துச்சு?"

"பிரிண்ட் அதுக்கு முன்னாலயே கொடுத்தாச்சு."

"எப்போ?"

நான் விடவில்லை. மூன்றாவது தடவை கேட்டபோது சொன்னான். தகனம் முடிந்த மறுநாள்.

அவன் மேல் எனக்கு வந்தது கோபம் என்று சொல்ல மாட்டேன். கோபத்தில் ஒரு சூடு உண்டு, ஒருவரை உலுக்க வேண்டும் என்றிருக்கும். எனக்கு அவன் பக்கத்தில் நிற்கவே முடியவில்லை. அவன் குடித்து வைத்த டம்ளரை நுனிவிரலால் எடுத்தேன். அவன் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் உட்காரவில்லை. அதோடு என் கைகள்மேலும் ஒரு கூச்சம் வந்தது. திரையை விலக்கிவிட்டது இந்தக் கைதானே.

இருந்தாலும் உடனே வெளியேறவில்லை. எங்கே போவது என்பது ஒரு பக்கம். உடன்பிறந்தவன், ஒருநாள் உட்கார்ந்து அழுவான், அன்றைக்கு நான் இருக்க வேண்டும் என்பது இன்னொரு பக்கம். மூன்று வாரம் அப்படியே போயிற்று. சமைத்து வைப்பேன், அவனே போட்டுச் சாப்பிடுவான்.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் கடைக்குப் போகாமல் அப்பாவின் அறையில் படுத்திருந்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் உடம்பு அனலாக இருந்தது. பாதித் தூக்கத்தில் யாரோ அறையில் இருப்பதுபோலத் தோன்றியது. அண்ணன் வந்து நெற்றியில் கைவைத்துப் பார்ப்பான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஒரு டிக் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். கட்டிலுக்கு ஒரு மீட்டர் தள்ளி மண்டியிட்டிருந்தான். முகத்துக்குப் பதிலாக அந்தப் பெரிய கண்ணாடி, ஊதா நிறத்தில் மினுமினுத்துக்கொண்டு.

"தூங்கு, தூங்கு" என்றான், கேமராவை இறக்காமல். "வேர்வை நெத்தியில நிக்குது பாப்பா. அசையாம இருந்தா ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கறேன்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். கத்தவில்லை. கத்துவதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும்.

"வெளியே போ" என்றேன்.

போனான். போகும்போது கதவு நிலையில் லென்ஸ் இடித்துவிடாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு போனான்.

காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் இடம் பார்த்தேன். கடைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி அறை. அப்பாவுக்கு வந்துகொண்டிருந்த நர்ஸம்மாதான் சொல்லிவிட்டார், அவருடைய அக்கா வீடு. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கிழக்கே ஒரு ஜன்னல். தபால்காரர் எடுத்த அப்பாவின் படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். அண்ணன் வாசலில் நின்று, "சாமானையெல்லாம் தனியாவா தூக்குவே? நான் வரட்டுமா?" என்றான். வேண்டாம் என்றேன். நல்லவேளை, அழுகை வரவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் வந்தான். ஜன்னலிலிருந்து பார்த்தேன். இளைத்திருந்தான். தாடி வைத்திருந்தான். தோளில் கேமராப் பை. ஒரு கையில் ரொட்டிப் பொட்டலம், நான் சின்ன வயதில் விரும்பிச் சாப்பிட்ட இனிப்பு ரொட்டியாகத்தான் இருக்கும். அதைப் பார்த்ததும் படியிறங்கிப் பாதி வரைக்கும் போனேன்.

"எப்படி இருக்கே பாப்பா?"

"இருக்கேன். மேல வா, டீ போடறேன்."

அவன் முகம் மலர்ந்தது. முதல் படியில் கால் வைத்தான்.

"பையை மட்டும் கீழ அக்கா வீட்டுல வச்சுட்டு வா" என்றேன். "பத்திரமா பாத்துப்பாங்க."

நின்றான். பையின் பட்டையைக் கையால் பிடித்துக்கொண்டான். அக்கா வீட்டுக் கதவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். வாசல் தரையை அப்போதுதான் துடைத்திருந்தார்கள்.

"ஈரமா இருக்கே…" என்றான்.

"நாற்காலி மேல வைக்கச் சொல்றேன். பத்து நிமிஷம்தான்."

யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், அது எனக்குத் தெரிந்தது. ஒரு முறை பட்டையைத் தோளிலிருந்து கொஞ்சம் கழற்றக்கூடச் செய்தான். பிறகு மறுபடி ஏற்றிக்கொண்டான்.

"இன்னொரு நாள் வர்றேன் பாப்பா" என்று ரொட்டிப் பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டு நடந்தான். தெருமுனையில் திரும்பிப் பார்ப்பான் என்று நின்றேன். வெயில் சாய்ந்த சுவர் ஒன்று அங்கே இருந்தது, அதன் முன் ஒரு கணம் நின்றான், பிறகு போய்விட்டான்.

அக்கா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"யாரும்மா அது? சொந்தமா?"

"அண்ணன்."

"வாசல் வரைக்கும் வந்துட்டு மேல வராமயா போறாரு?"

"பையைக் கீழ வைக்க முடியலையாம்" என்றேன்.